அக்காவுக்குக் காது திறந்த கதை

போதகர் ஐயா, நீங்கள் கேட்டது அரைப் பக்கம். "ஆண்டு மலருக்கு அக்காவோட சுகத்தப் பத்தி ஒரு சாட்சி எழுதிக் குடுங்க சிஸ்டர். நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, உங்களுக்கு எழுத வரும்" என்றீர்கள். வரும்தான். முப்பத்தோரு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் 'தங்கள் கடிதம் கிடைத்தது, ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதியவள் நான். அந்தப் பாணியில் அரைப் பக்கம் எழுதித் தள்ள ஐந்து நிமிஷம் போதும். ஆனால் இந்த விஷயத்தில் அப்படி எழுதினால் பொய்ச் சாட்சியாகிவிடும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம்.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. வேதத்தில் வருகிற, நீங்கள் பிரசங்கம் செய்த அந்தச் செவிடனின் கதையில், சுகமாக்கின பிறகு, இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஆண்டவர் கண்டிப்பாகச் சொல்கிறார். நீங்கள் அச்சுப் போட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்கிறீர்கள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நானும் முன்பு யோசித்தது கிடையாது. அக்காவுக்குக் காது திறந்து, அதனாலேயே அவள் இந்த வீட்டில் இருப்பாளா போவாளா என்று ஆகிவிட்ட பிறகுதான் யோசித்தேன்.

அக்காவுக்கு வயது அறுபத்து மூன்று, எனக்கு ஐம்பத்தொன்பது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டாம் மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை. உங்களுக்கு அக்காவைத் தெரியும், மூன்றாவது வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அக்காவைத்தான் தெரியும். பழைய அக்காவை உங்களுக்குத் தெரியாது.

அப்பா போனபோது அவளுக்குப் பதினேழு. அம்மா படுக்கையில். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டின் கம்பெனியில் சேர்ந்தாள். பிஸ்கட்டும் பெயிண்ட்டும் அடைத்து வருகிற டப்பாக்கள் செய்கிற இடம். அக்காவுக்கு மூடி வெட்டுகிற மெஷின். தகட்டை உள்ளே தள்ளிக் காலால் மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி ஒரு மூடி விழும். ஒரு மூடிக்கு ஒரு டமார். ஒரே கூரைக்குக் கீழ் அப்படி நாற்பது மெஷின். மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க ஒருமுறை நான் உள்ளே போனேன். இரண்டு நிமிஷத்தில் பல் கிட்டிக்கொண்டது. அவள் அதற்குள் இருபத்தாறு வருஷம் இருந்தாள். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் படித்தது, பாவாடை தைத்துக்கொண்டது, வேலைக்குப் போனது எல்லாம் அந்த மூடிகளால்தான்.

அந்தச் சத்தத்தில் யாரும் குரல் எடுத்துப் பேச முடியாது. பெண்கள் உதட்டாலேயே பேசுவார்கள். ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமென்றால் இரும்பு மேசையில் இரண்டு தட்டு. அதிர்வு கைக்குப் போகும், அவள் முகத்தைத் தூக்குவாள், அப்புறம் பேச்சு. அக்காதான் அதில் கில்லாடி. அவளுக்கு அங்கே 'மூடி' என்றே பெயர். ஊருக்கெல்லாம் மூடி போடுகிறவள் தன் வாயை மட்டும் மூடமாட்டாள் என்று கேலி செய்வார்களாம். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், நாற்பது பெண்களும் தலையைக் குனிந்து உதட்டை அசைப்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஷிப்டில் எல்லாரும் வேலை செய்துகொண்டே ஜெபிக்கிறார்கள் என்று மேனேஜரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னாராம். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அவருடைய ஒட்டு முடியைப் பற்றி. அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு இப்போது அந்தக் கதை சிரிப்பாக இல்லை. ஏன் என்று பின்னால் வரும்.

காது போனது அவளுக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும், வேலை செய்கிற இடத்தில் யாருக்குமே எதுவும் கேட்காதே. நான்தான் முதலில் கவனித்தேன், அதுவும் லட்சணமாகக் கவனித்தேன். பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சம்பாதிக்கிற திமிர் என்று நினைத்து ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான் கோபமாக இருக்கிறேன் என்பதே அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அப்புறம் டாக்டர், அப்புறம் இன்னொரு டாக்டர். நரம்பு போய்விட்டது என்றார்கள். நாற்பத்து மூன்று வயதில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அம்மாவும் போய்விட்டாள்.

கம்பெனிப் பழக்கம் வீட்டுப் பழக்கமாயிற்று. சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு தட்டினால் அக்கா நிமிர்வாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டாததை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து சட்டமாகப் போடவில்லை, தானாக அமைந்தது. வருகிற விருந்தாளிகள்கூட இரண்டு நாளில் பழகிக்கொள்வார்கள். முதுகைத் திருப்பினால் கதவைச் சாத்தின மாதிரி. அவள் பக்கமும் ஒரு கதவு இருந்தது. எங்களுக்குள் சண்டை வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். நான் மேசையைத் தட்டலாம், தரையை உதைக்கலாம், ஒன்றும் நடக்காது. எத்தனை சண்டையில் அப்படி என்னை அம்போ என்று நிற்க விட்டிருக்கிறாள் தெரியுமா ஐயா.

இருபது வருஷம் நான் அவளுக்குக் காதாக இருந்தேன். வாசல் மணிக்கு நான், போனுக்கு நான், டாக்டரிடம் நான், கடையில் பாக்கிச் சில்லறை கேட்க நான். ஒருமுறை குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள், கீழ் வீட்டுக்காரரின் அலமாரி முழுக்க நனைந்து நான் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வேறு ஊருக்குப் பதவி உயர்வு வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருத்தர் பெண் கேட்டார், அக்காவும் கூட வருவாள் என்றேன், அதோடு சரி. இதையெல்லாம் நான் தியாகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவள் எனக்குச் செய்ததற்கு இது உறை போடக் காணாது. ஆனால் அலுப்பு அலுப்புதான். நன்றி இருக்கிறவளுக்கும் அலுக்கும்.

அந்த அலுப்பையெல்லாம் நான் கொட்டிய இடம் பாத்திரம் தேய்க்கிற தொட்டி. எங்கள் சமையலறையில் தொட்டி ஜன்னலோரம், சாப்பாட்டு மேசை அதற்குப் பின்னால். சாயங்காலம் நான் பாத்திரம் தேய்ப்பேன், அக்கா என் முதுகுக்குப் பின்னால் மேசையில் உட்கார்ந்து மறுநாளைக்குக் காய் நறுக்குவாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுப் பேசுவேன். ஆபீஸில் யார் என்ன சொன்னார்கள், கீழ் வீட்டுக்காரி எப்படி மூக்கைச் சுளித்தாள், அக்கா காலையில் என்ன படுத்தினாள், எல்லாம். பேசி முடித்ததும் ஜெபம். அதையும் வாய்விட்டுத்தான். வீட்டில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்.

அந்த ஜெபத்தைத்தான் இப்போது எழுத வேண்டும். ஆரம்பத்தில் அது இப்படி இருந்தது. ஆண்டவரே, அக்காவை எனக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். நான் முதலில் போய்விட்டால் அவளை யார் பார்ப்பார்கள். வாசல் மணி அடித்தால்கூட அவளுக்குத் தெரியாதே. அப்போது அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும். அன்பால் சொன்னதுதான், சத்தியமாக. ஆனால் தினமும் சொல்கிற வார்த்தை தேய்ந்து போகிறது ஐயா. முட்டி வலி வந்தது, தூக்கம் குறைந்தது, ரிட்டயர் ஆனபிறகு இருபத்துநாலு மணி நேரமும் வீட்டில். 'எனக்கு முன்னால்' என்பது மெல்ல மெல்ல 'சீக்கிரம்' என்று ஆகிவிட்டது. எந்த வருஷம் ஆனது என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரோடும் சேர்ந்து அக்காவின் சுகத்துக்காகக் கண்ணை மூடுவேன். சாயங்காலம் தொட்டியில் அவளுடைய சாவைக் கேட்பேன். இரண்டும் ஒரே வாய்.

இந்த வருஷத் தொடக்கத்தில் சபை மண்டபத்தில் காது பரிசோதனை முகாம் வைத்தீர்கள். முன்பு ஒரு காது மெஷின் வாங்கி அது கூவென்று ஊளையிட்டதே தவிர ஒன்றும் கேட்கவில்லை, அதனால் எனக்கு நம்பிக்கை இல்லை. வேண்டா வெறுப்பாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். கருவி பொருத்துகிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என்னவோ திருகினாள். அக்கா சட்டென்று மேலே பார்த்து, "யாரு சீட்டி அடிக்கறது?" என்றாள். மண்டபத்து மின்விசிறி கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொன்னீர்கள். அக்கா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவள் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் நான்கு தடவை ஏறி இறங்கினாள். ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று, "இது எப்பவும் இப்படித்தான் முனகுமா? பாவம்டி" என்றாள். "என் குரல் இவ்ளோ கட்டையா? ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்று கோபித்துக்கொண்டாள்.

"சொன்னா உனக்குக் கேட்டிருக்குமா?" என்றேன்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது இரண்டு பேருக்கும். அப்புறம் என்னை எதிரில் உட்கார வைத்து, "பேசு" என்றாள். என்ன பேச என்றேன். "எதையாவது." நான் பழைய ஆபீஸ் கடிதம் ஒன்றை ஒப்பித்தேன், தங்கள் கடிதம் கிடைத்தது என்று. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "உனக்கு வயசாயிடுச்சுடி குட்டி" என்றாள். அவள் கடைசியாகக் கேட்டது முப்பத்தைந்து வயதுக்காரியின் குரல். அன்றைக்கு நான் ஆண்டவருக்கு மனதார நன்றி சொன்னேன். அதையும் எழுதிவிட வேண்டும், சந்தோஷமே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அடுத்த ஞாயிறு நீங்கள் அந்தச் செவிடனின் கதையை எடுத்துப் பேசினீர்கள். அக்காவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினீர்கள். சபை முழுக்கக் கை தட்டியது, டிரம் அடிக்கிறவர் தன் பங்குக்கு அடித்தார். அக்கா காதைப் பொத்திக்கொண்டு குனிந்ததை, உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று மைக்கில் சொன்னீர்கள். வலி ஐயா. அந்த மெஷினுக்குள் நூறு கைதட்டல் போனால் எப்படி இருக்கும். அந்தக் கதையில் ஆண்டவர் செய்த முதல் வேலையே அந்த மனுஷனைக் கூட்டத்திலிருந்து தனியாக அழைத்துக்கொண்டு போனதுதான். உங்களிடம் அப்போதே சொல்லலாம் என்று வாய் வரை வந்தது, எல்லாரும் சந்தோஷமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கருவி கொடுத்த பெண் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். "சத்தம் உடனே வந்துடும். முகத்தப் பாக்காம வார்த்த புரியறதுக்கு நாளாகும். பழகணும்." அக்கா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் செய்தி கேட்டுப் பழகினாள். கண்ணை மூடினால் சண்டை என்று பழகிய எனக்கு அதைப் பார்க்கவே என்னவோ போல இருந்தது. எவ்வளவு தூரம் பழகினாள் என்று நான் கேட்கவில்லை.

ஏனென்றால் எனக்கு வேறு தொல்லை வந்து சேர்ந்தது. அவளுக்குச் சத்தங்கள் கேட்டன, எது என்ன சத்தம் என்று தெரியவில்லை. "அது என்ன?" லிஃப்ட். "அது?" மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள். "இப்ப ஒண்ணு கேட்டுச்சே?" என் முட்டி. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை அது என்ன, இது என்ன. காது வந்தால் பாரம் குறையும் என்று நினைத்தேன். முன்னைக்கு இப்போது இரட்டிப்பு வேலையாயிற்று. ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

ஆறாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம். அன்றைக்கு முட்டி வலி உயிரை எடுத்தது. அக்கா மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நான் தொட்டியில் நின்றேன். குக்கரைத் தேய்க்கும்போது, "அது என்னடி கரகரன்னு?" என்றாள். கையிலிருக்கிற நாரைத் திருப்பிக் காட்டினேன். மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினேன். திரும்பினதும், இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. முதுகைக் காட்டியாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று, அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. அவள் காதில் இருக்கிற மெஷின் என் நினைவில் இல்லவே இல்லை.

"ஆண்டவரே, என்னால முடியல. எப்பவும் சொல்றதுதான். அவள எனக்கு முன்னாடி எடுத்துக்கோ. சீக்கிரமா எடுத்துக்கோ. இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. எனக்குன்னு ஒரு ரெண்டு வருஷம் குடு. யாருக்கும் காதா இல்லாம, கதவ சாத்திட்டு, நான் மட்டும். ரெண்டே ரெண்டு வருஷம்."

சொல்லி முடித்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தண்ணி சும்மா போகுது பாரு. மூடு."

குழாய் எனக்கு முன்னால். அவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து என் முதுகுதான் தெரியும். தண்ணீர் போவது அவளுக்குக் காதால்தான் தெரியும். குழாயை மூடினேன். திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது. திரும்பினபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், எல்லாத் துண்டும் ஒரே அளவு. மூடி வெட்டின கை, அளவு பிசகாது. தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் மெஷின் அதன் பெட்டிக்குள் போய்விட்டது. "பேட்டரி தீந்துடுச்சு" என்றாள். முந்தின நாள்தான் நான் மாற்றியிருந்தேன். நான் மேசையைத் தட்டினேன், அவள் எதிரில் போய் நின்றேன், "அக்கா, நேத்து நான்..." என்று ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் மறுபடி போனேன், மறுபடி மூடிக்கொண்டாள். மற்ற விஷயமெல்லாம் பேசினாள். சாப்பிட்டியா, முட்டிக்குத் தைலம் தடவினியா, எல்லாம் கேட்டாள். அந்த ஒரு பேச்சை எடுத்தால் மட்டும் கண் மூடிவிடும். கண்ணும் மூடி, காதும் பெட்டிக்குள். அவளிடம் போய்ச் சேர எனக்கு வழியே இல்லை. ஒரு காகிதத்தில் எழுதி வைத்தேன். மடித்து, படிக்காமல் என் தலையணை மேல் வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த செவ்வாய் நீங்கள் வந்தீர்கள். கையில் முதியோர் இல்லத்துப் படிவம். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா தனியா பஸ் ஏறி வந்து என்னப் பாத்தாங்க சிஸ்டர். இனிமே சொந்தக் கால்ல நிக்கணும்னு ஆசப்படறாங்க. காது வந்ததும் எவ்ளோ தைரியம் பாருங்க. அங்க ஒரு அறை காலியா இருக்கு, ஒண்ணாந்தேதி வரலாம்." அக்கா உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அன்றைக்குத்தான், அதே வாயால், சாட்சி எழுதிக் கொடுங்கள் என்றீர்கள்.

நான் கேட்டது அப்படியே நடக்கிறது, அதுதான் என்னைக் கொன்றது. தனியாக ஒரு வீடு, சாத்தின கதவு. எல்லாம் வருகிறது. அக்கா உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்குக் கேட்க வேண்டுமே.

அந்த நாட்களில்தான் மதிய வேளையில் அந்தக் கதையை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு இடம் இருக்கிறது, நீங்கள் அதைத் தொடாமல் போய்விட்டீர்கள். ஆண்டவர் அந்த மனுஷனின் காதில் விரலை வைக்கிறார். வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார். காதைத் திறக்கிற வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் பெருமூச்சு விடுகிறார். இத்தனை வருஷம் கதையைக் கேட்டிருக்கிறேன், அந்த மூச்சு என் காதில் விழுந்ததே இல்லை. சுகம் கொடுக்கப் போகிறவர் எதற்காகப் பெருமூச்சு விட வேண்டும்? சந்தோஷப்பட வேண்டிய நேரம்தானே. எனக்குத் தோன்றினதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் நீங்கள் திருத்துங்கள். அந்த மனுஷன் வீட்டுக்குப் போய் என்னென்ன கேட்கப் போகிறான் என்று அவருக்குத் தெரியும். இவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் என்னென்ன பேசிப் பழகியிருப்பார்கள் என்று தெரியும். அது தெரிந்தும் திறந்துவிட வேண்டியிருக்கிறதே என்றுதான் மூச்சு விட்டார். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கெஞ்சினவர்களே அந்த வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். நானும்தானே அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஒண்ணாந்தேதி சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வண்டி வருவதாக ஏற்பாடு. அக்கா குளித்து, வெளியே போகிற சேலை கட்டி, பையைக் காலருகில் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் தொட்டிப் பக்கம் நின்று, தேய்த்த டம்ளரையே தேய்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் இரண்டு தட்டு கேட்டது. அவள் தட்டி என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பினேன். அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து, மெஷினை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். பேட்டரி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் முதல்ல அத அப்படிக் கேக்கல. நான் போயிட்டா உன்ன யாரு பாப்பான்னு..."

"தெரியும்டி."

"அப்புறம் எப்படியோ..."

"அதுவும் தெரியும். நான் என்ன சின்னப் பிள்ளையா? உன்ன நான் பாக்க வேண்டி வந்திருந்தா, நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பத்து வருஷம் முன்னாடியே கேட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன் போற?"

"ரெண்டு வருஷம் கேட்டியே. குடுத்துட்டுப் போறேன். சாகச் சொன்னா உடனே சாக முடியுமா? என்னால ஆனது இதுதான்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள், அந்த டின் கம்பெனி 'மூடி'க்கு எப்போதும் வருகிற சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றது. மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"நீ சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. வேற ஒண்ணுதான்டி மனச அறுக்குது. இருபது வருஷமா இங்கதான உக்காந்து காய் நறுக்கறேன். உன் முகம் தெரியாது, தோள் மட்டும் தெரியும். தோள் ஆடும். நீ பேசறன்னு தெரியும். கடைசில குனிவ, அப்ப ஜெபம் பண்றன்னு தெரியும். பாவம், என் காதுக்காக ஜெபம் பண்றான்னு நெனப்பேன். நின்னுட்டே, தண்ணியில கைய வெச்சிட்டே, ஒரு நாள் விடாம பண்றாளேன்னு. நீ முடிச்சு நிமிரும்போது, நானும் உன்கூடச் சேந்து ஆமென் சொல்லுவேன். தினமும் சொல்லியிருக்கேன்."

அவள் உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன் ஐயா. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது பல தடவை பார்த்திருக்கிறேன். காயை எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, போகாத" என்றேன். "எனக்கு அந்த ரெண்டு வருஷம் வேண்டாம்."

"இப்ப வேண்டாம்ப. அடுத்த புதன்கிழமை வேணும்ப" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நடப்பைச் சொன்னாள். "போய்ப் பாக்கறேன். உனக்கும் எனக்கும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம். இப்ப ஒண்ணு செய். அங்க போய் நில்லு. எப்பவும் போல அந்தப் பக்கம் திரும்பிக்கோ. எப்பவும் போலப் பேசு. நான் கேக்கறேன்."

எழுந்து போய்த் தொட்டியில் நின்றேன். எதிர்ச் சுவர். முதுகுக்குப் பின்னால் அவள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக, எனக்குத் தெரிந்தே, எனக்குப் பின்னால் ஒருத்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொல்வது? அவளை வைத்துக்கொள் என்று கேட்கவா, எடுத்துக்கொள் என்று கேட்கவா, எனக்கு மன்னிப்புக் கேட்கவா? வாயைத் திறந்தேன். நீளமாக ஒரு மூச்சுதான் வந்தது. வந்த பிறகு, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

அக்கா காத்திருந்தாள். பிறகு, அந்தக் கட்டைக் குரலில், எனக்குக் கேட்கும்படி, "ஆமென்" என்றாள்.

நான் திரும்பவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது, பை எடுக்கிற சத்தம் வந்தது. அவள் கை என் தோளில் விழுந்தது.

"வண்டி வந்துடுச்சு. கீழ எவ்ளோ நேரமா ஹார்ன் அடிக்கறான், காது கேக்கலையா உனக்கு?" என்றாள்.

எனக்குக் கேட்டிருக்கவில்லை.